சக்கரம் உருண்ட நேரம்

"ஒரு விமானம் பறக்கும் நோக்கத்தோடு தன் சொந்த விசையால் முதன்முதலில் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, பறந்து முடித்து இறுதியாக நின்று ஓயும் கணம் வரையிலான மொத்த நேரமே பறப்பு நேரம்." விமானிகளுக்கான விதிகளில் எனக்கு மனப்பாடமான வாக்கியம் இது. கவனித்துப் படித்தால் ஒன்று புரியும். இதில் வானம் என்ற சொல்லே இல்லை. உயரம் இல்லை, மேகம் இல்லை, காற்றும் இல்லை. சக்கரம் உருண்டால் கணக்கு தொடங்குகிறது, சக்கரம் நின்றால் முடிகிறது. நடுவில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதில் விதிக்கு ஏறக்குறைய அக்கறையே இல்லை. நல்ல விதி இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. உணர்ச்சிவசப்படும் விதிகளை உத்தியோக காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றால் யாருக்கும் நன்மை விளைந்ததில்லை.

அந்தச் சக்கரம் உருளாமல் இருக்க அதன் முன்னால் வைக்கிற மரக்கட்டை இப்போது என் வீட்டில் இருக்கிறது. பழைய தோணி ஒன்றை உடைத்தபோது கிடைத்த விலா மரத்திலிருந்து அறுத்தது. முக்கோண வடிவம், மஞ்சள் பெயின்ட், எளிதாக இழுக்க ஒரு நைலான் கயிறு. காற்றுக் காலத்தில் என் அறைக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் வைக்கிறேன். குனிந்து எடுக்கும்போதெல்லாம் அதை அறுத்து, தேய்த்து, மூன்று பூச்சு பெயின்ட் அடித்தவரின் குரல் காதில் விழும். குரல் என்றா சொன்னேன்? கூச்சல். கப்பல் இயந்திர அறையில் ஆயுளைக் கழித்தவருக்குத் தாழ்ந்த குரல் என்ற ஒன்று கிடையாது. ஊரில் எல்லோருக்கும் அவர் சீஃப். சீஃப் இன்ஜினியராகக் கடைசிக் கப்பலிலிருந்து இறங்கிய பிறகும் சீஃப்தான். அவர் மனைவிகூட அடுப்படியிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவார்.

அவரை நான் முதலில் சந்தித்தது கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த காலத்தில். கப்பல் துறைமுகத்துக்குள் வருவதற்கும் வெளியே போவதற்கும் எத்தனை காகிதங்கள் உண்டோ அத்தனையும் என் கை வழியாகப் போய் வரும். ஒரு நாள் மதியம் எரியெண்ணெய் ஏற்றிய ரசீதோடு ஒரு கப்பலில் ஏறினேன். சாயங்காலம் கப்பல் புறப்பட வேண்டும், சீஃப் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். "நான் அளக்காததுல நான் கையெழுத்துப் போடமாட்டேன் வே. அவசரம்னா ஏணியப் புடிச்சுக்கிட்டு எங்கூட வாரும், சேந்தே அளப்போம்" என்றார். அவருடைய ஆட்கள் ஏற்கெனவே அளந்துவிட்டதாகச் சொல்லிப் பார்த்தேன். "அவனுவ அளந்தா அவனுவ கையெழுத்துப் போடட்டும்" என்றார். அன்றைக்கு ஒவ்வொரு தொட்டியாக என்னை இழுத்துக்கொண்டு போய் அளவுநாடாவை இறக்கி, துடைத்து, மறுபடி இறக்கி அளந்தார். அளவில் திருட்டு ஏதாவது வெளிப்படும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நானும் எதிர்பார்த்தேன். ரசீதில் என்ன எண் இருந்ததோ அதே எண்தான் வந்தது. மனிதர் அளவுகடந்த சந்தோஷத்தோடு கையெழுத்துப் போட்டார். யாரையும் சந்தேகப்பட்டு அவர் அளக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தான் பார்த்ததை மட்டுமே தான் பார்த்ததாகச் சொல்வது என்று எப்போதோ முடிவு செய்துகொண்டவர், அவ்வளவுதான். அந்தச் சட்டை அதற்குப் பிறகு வெள்ளையாகவில்லை.

ஓய்வுபெற்று ஊரோடு வந்தவர் ஒரு வருடம் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் பிரித்து மாட்டினார். மிக்ஸி, தண்ணீர் மோட்டார், பக்கத்து வீட்டு ஜெனரேட்டர். பிரிக்க ஒன்றும் மிஞ்சாதபோது சிறு விமானம் ஒன்றை வாங்கினார். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். துணி போர்த்திய இறக்கை, முதுகுக்குப் பின்னால் இயந்திரம். பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதை ஓர் உப்புக் கிடங்கில் வைத்துப் பூட்டினார். உப்பளக்காரர் ஒருவர், பல் மருத்துவர் ஒருவர், சீஃப் என்று மூன்று பேர் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். விமானத்தில் ஒருநாளும் ஏறத் துணியாத நான் அதற்குச் செயலாளர் ஆனேன். என்னைச் சேர்த்த விதம் இது: "ரிட்டையர் ஆகி என்ன வே சோலி உமக்கு?" "பேப்பர் படிக்கிறேன்." "படிச்சது போதும். இனி எனக்குப் பேப்பர் எழுதும்." நாசரேத்துப் பள்ளியில் வாங்கிய தமிழ், ஆங்கிலப் பரிசுகள் கடைசியில் உப்பளத்து நடுவில் ஒரு தகரக் கொட்டகையில் வந்து பயன்பட்டன. விதிப்புத்தகத்தை வரவழைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் செபமாலை உருட்டுகிற நேரத்தில் நான் அதைப் படித்தேன். இருவருக்கும் கிடைத்த நிம்மதி ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் ஓடுபாதை உப்பளங்களுக்கு நடுவே ஒரு கெட்டித் தரை. கொட்டகை ஒரு கோடியில், பாதை தொடங்குமிடம் மறுகோடியில். இடையில் பாத்திகளின் வரப்பைச் சுற்றிக்கொண்டு ஒரு மண்பாதை. விமானம் அதில் கர்ப்பிணி மாதிரி மெல்ல மெல்ல உருண்டு போய்ச் சேரப் பத்து நிமிடமாவது ஆகும். மழை பெய்திருந்தால் இன்னும் கூடும். சீஃப் முதலில் ஸ்குரூடிரைவரின் முனையை இயந்திரத்தில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். மனிதர் பேசுவது கேட்காத காதுக்கு அது மட்டும் கேட்டது. பிறகு கட்டையின் கயிற்றை இழுப்போம், உருண்டு போவார், கடைசியில் உப்புக் குவியல்களுக்கு மேலே ஒரு தும்பி மாதிரி எழும்புவார். திரும்பி வந்ததும் உப்புக்காற்று அரித்துவிடாமல் இருக்க நல்ல தண்ணீர் ஊற்றி விமானத்தைக் குளிப்பாட்ட வேண்டும். குடிக்கவே லாரியில் தண்ணீர் வாங்குகிற ஊரில் இதைப் பார்த்து உப்பளத் தொழிலாளிப் பெண்கள் வாய்விட்டுத் திட்டினார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவர்களுக்கும் சேர்த்து ஒரு லாரி தண்ணீர் வந்தது. திட்டு நிற்கவில்லை. ஆனால் அதில் பாசம் கலந்துவிட்டது.

சீஃபின் அண்ணன் எங்கள் ஊரின் மீனவர் பகுதியான திரேஸ்புரத்தில் இருந்தார். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். கடலடியில் பாறையும் பவளமும் கலந்து கிடக்கும் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். ஒரு காலத்தில் முத்து கிடந்ததும் அங்கேதான். அந்தப் பார்கள் ஒவ்வொன்றும் அவருக்குத் தன் வீட்டு அறைகள் மாதிரி. கல்லூரி விடுமுறைகளில் சீஃப்தான் வள்ளத்தில் உட்கார்ந்து அண்ணனின் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே போனவருக்கும் மேலே இருப்பவருக்கும் இடையில் பேச்சு கயிற்றில்தான். இரண்டு இழுப்பு என்றால் இன்னும் போக வேண்டும், கயிறு விடு. ஒரே இழுப்பு என்றால் போதும், மேலே எடு. குளிக்கிறவர்கள் கயிற்றை யாரிடமும் கொடுத்துவிட மாட்டார்கள். மச்சானிடம் கொடுப்பார்கள், தன் தங்கையை விதவையாக்க மாட்டான் என்ற நம்பிக்கையில். மச்சான் இல்லாத அவர் தம்பியிடம் கொடுத்தார். தம்பி கப்பலுக்குப் போன பிறகு காற்றுக் குழாய் வந்தது, வேறு ஆட்கள் வந்தார்கள். ஆனாலும் அந்தக் காலத்தைப் போல ஒருநாளும் நிம்மதியாகக் கீழே இருந்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அண்ணன் தம்பி இருவரும் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். கரைக்கு எதிரே உள்ள தீவுக்குக் கிழக்கே கிடந்த ஒரு பாரைப் பற்றிய வழக்கு எங்கள் சங்கத்தைவிடப் பிரபலமானது. பயிற்சியாளருடன் அந்தப் பக்கம் பறந்து வந்த சீஃப், பாரின் நடுவில் ஒரு வாய் திறந்திருக்கிறது, இரண்டு துண்டாகக் கிடக்கிறது என்று போய்ச் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு வந்ததே கோபம். "ஏலே, பெட்ரோல் ஊத்திப் பட்டம் விடுத பயலே, அது லாடம் மாதிரி ஒரே வளைவுலே. அதுல கைய வச்சுத் தடவிக்கிட்டே சுத்தி வந்தவன் நான். நீ மேல கெடந்து பாத்துட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கியா" என்றார். "பாத்ததச் சொன்னேன் அண்ணே." "பாத்தியாம். கடலப் பாத்தா பார் தெரியுமாக்கும்? கடலுக்குள்ள கெடந்தாத்தாம்லே தெரியும்." நான் நடுவில் அமர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். "நீங்களே ஒருதரம் கூடப் போய்ப் பாருங்களேன்" என்று விளையாட்டாகச் சொன்னது நான்தான். இருவரும் ஒரே சமயத்தில் வாயை மூடியது அந்த ஒரு தடவைதான்.

அண்ணன் வாய் மூடியதற்குக் காரணம் வேறு. கண்ணில் நீரழுத்தம். திருநெல்வேலியில் காட்டியிருந்தார்கள். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், போனது திரும்பாது, அடுத்த வருடம் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஒலகமே ஒரு பைப்புக்குள்ள அடங்கிப் போச்சு சார்வாள்" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "நேரா நின்னா நீங்க தெரியுதீங்க. கொஞ்சம் ஒதுங்கினா நீங்க கெடையாது." கடல் தெளிந்து கிடப்பது பங்குனியிலும் சித்திரையிலும்தான். அதற்குப் பிறகு தெற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பி அடியைக் கலக்கிவிடும். மேலேயிருந்து பார்த்தால் கஞ்சித் தண்ணீர் மாதிரிதான் தெரியும். ஆகவே அந்தச் சித்திரைக்குள் அண்ணன் தன் பாரை மேலேயிருந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பார்க்கவே முடியாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சீஃப் மட்டும் அன்று வீடு திரும்பும்போது, "செக்ரட்டரி, எனக்கு லைசென்ஸ் எப்ப வரும்?" என்று கேட்டார். முதன்முறையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

மாணவ விமானி தனியாகப் பறக்கலாம், பயிற்சியாளரோடு பறக்கலாம். வேறு ஒருவரையும் ஏற்றக் கூடாது. ஏற்ற வேண்டுமானால் உரிமம் வேண்டும். உரிமத்துக்குத் தேர்வு, மருத்துவச் சான்று, அதோடு பறந்த மணிகள் வேண்டும். சிறு விமானத்தில் பறந்த மணிகளில் எவ்வளவு பெரிய விமான உரிமத்துக்குச் செல்லும் என்பது தனி மகாபாரதம். நல்லவேளையாக எங்களுக்கு அது தேவைப்படவில்லை. சீஃபுக்கு வேண்டியது தன் விமானத்தில் தன் அண்ணனை ஏற்றுவதற்கான உரிமம் மட்டும். தேர்வில் அவர் வாங்கிய மதிப்பெண்ணைப் பல் மருத்துவர் இன்றும் பொறாமையோடு சொல்வார். விண்ணப்பத்தை நானே தயாரித்தேன். என் விண்ணப்பங்கள் திரும்பி வருவதில்லை. இது வந்தது. பறந்த மணி போதவில்லை என்று ஒரு வரி.

போதவில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அவர் பறந்த பறப்பெல்லாம் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அவருடைய பறப்பேட்டை வாங்கி உட்கார்ந்தேன். அச்சடித்த கட்டங்களுக்கு நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்துத் தனியாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார். அதன் தலைப்பு மனூவரிங். கப்பல்காரர்களுக்கு இது தெரியும். துறைமுகத்திலிருந்து கப்பல் தவழ்ந்து வெளியேறும் நேரத்தை அவர்கள் பயணத்தில் சேர்ப்பதில்லை. துறைமுக எல்லை தாண்டி, இயந்திரம் முழு வேகம் எடுத்ததும் 'ஃபுல் அவே' என்று எழுதுவார்கள். அங்கேதான் பயணம் தொடங்குகிறது. அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ளதெல்லாம் மனூவரிங், தனிக் கணக்கு. ஆயுள் முழுக்க அப்படி எழுதிய கை, விமானத்துக்கும் அப்படியே எழுதியிருந்தது. சக்கரம் தரையை விட்ட நேரம் ஃபுல் அவே. தரையைத் தொட்ட நேரம் பயணத்தின் முடிவு. வரப்பைச் சுற்றி உருண்ட நேரமெல்லாம் தனிக் கட்டத்தில், ஒரு நிமிடம் பிசகாமல். விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற எங்கள் பயிற்சியாளர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டிருந்தார். வெற்றுத்தாளில்கூடக் கையெழுத்துப் போடக்கூடிய தங்கமான மனிதர். இந்தத் தொழிலில் பேனா மணி என்று ஒன்று உண்டு. விமானம் கொட்டகையில் கிடக்க, பேனா மட்டும் பறந்து சேர்க்கும் மணி. அப்படிப்பட்ட உலகத்தில் பறந்த மணியைக் குறைத்து எழுதிய ஒரே விமானி எங்கள் சங்கத்தில்தான் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். இரண்டு கட்டங்களையும் கூட்டினேன். வேண்டியதற்கு மேலேயே இருந்தது.

சந்தோஷமாக ஓடினேன். "உருண்ட நேரமும் பறப்பு நேரந்தான் சீஃப். விதியே சொல்லுது."

"சொல்லட்டும் வே. உருளும்போது நான் எங்கன இருந்தேன்? தரையிலயா, மேலயா?"

"தரையில்தான்."

"அப்பம் பறந்தேன்னு எப்படி எழுதச் சொல்லுதீரு?"

"நீங்கள் எழுத வேண்டாம், விதி எழுதும். கூட்டித் திருத்தினால் போதும்."

"எழுதின லாக்குல கைய வைக்கவா? கப்பல்ல எவனாவது அப்படிச் செஞ்சா அடுத்த துறைமுகத்துல ஏணி போட்டு எறக்கி விட்டுருவோம்வே. போரும், போய் வேற வேலையப் பாரும்."

அரைநாள் வாதாடினேன். விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தோற்பது எனக்குப் பழக்கமில்லாத அனுபவம். கடைசியில் அவர் ஒரு வழிக்கு ஒப்புக்கொண்டார். இரண்டு கட்டமும் அவர் எழுதியபடியே இருக்கட்டும். அவற்றைக் கூட்டலாமா என்று உரிம அலுவலகத்தைக் கேட்போம். "அவங்க கூட்டட்டும். நான் கூட்டமாட்டேன்." விதியை மேற்கோள் காட்டி, பக்க எண் கொடுத்து, ஒரு குழந்தைக்கும் புரியும்படி கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல் எழுதினேன், பதில் இல்லை. தொலைபேசியில் பிடித்தபோது ஒரு இளைஞர் மிகுந்த கருணையோடு, "எதுக்கு சார் இதுக்கெல்லாம் லெட்டர்? புது லாக் புக் ஒண்ணு வாங்கி, கூட்டி எழுதி அனுப்பிடுங்க. எல்லாரும் அப்படித்தான் சார் செய்யறாங்க" என்றார். சீஃபிடம் இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. உப்பளத்துக் கொக்குகளெல்லாம் எழும்பிப் பறந்தன.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. பயிற்சியாளர் அண்ணனை அழைத்துப் போக முன்வந்தார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். "நல்ல மனுசன்தான். ஆனா என் கயிறு அவரு கையில இருந்ததில்லயே" என்றார். இன்னொரு வழியும் இருந்தது. விடிகாலையில் யாரும் பார்க்காமல் ஏற்றிக்கொண்டு போய்விட்டு வரலாம். உப்பளத்தில் யார் போய்ச் சொல்லப் போகிறார்கள்? இதை உப்பளக்காரர் மெல்லச் சொன்னபோது, இத்தனை வருடம் விதியைக் கட்டி அழுத நான்கூட எத்தனை மணிக்கு விடியும் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். சீஃப்தான், "அவருக்கு என்னமும் ஆச்சுன்னா, லைசென்ஸ் இல்லாதவன் கையிலயா கயிற்றக் கொடுத்தாருன்னு ஊரு கேக்கும். அவரு யாருகிட்டயும் அப்படிக் கொடுக்கல" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குறைந்த மணியைத் தன் கணக்குப்படியே பறந்து தீர்ப்பது என்று முடிவு செய்தார். மாசியிலிருந்து தினமும் விடியலில், காற்று எழும்புமுன், கட்டையை இழுத்துவிட்டு உருண்டு போவார். அறுபதைத் தாண்டிய முதுகு. இறங்கும்போது இறக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றுதான் நிமிர முடியும். அவர் மனைவி தோசையைக் கட்டிக் கொடுத்துவிடுவார், அதை என்னிடம் தந்து, "செக்ரட்டரி சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் ஏறுவார். போகிற இடம் ஒன்றுமில்லை. உப்பளத்துக்கு மேலே ஒரு சுற்று, கரையை ஒட்டி ஒரு சுற்று, திரும்ப ஒரு சுற்று. நான் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் வரப்பில் உருண்டு போகும்போதெல்லாம் விதிப்படி ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தையும், அவர் கணக்கில் இன்னும் தொடங்காத கடிகாரத்தையும் நினைத்துக்கொண்டிருப்பேன். "இந்த உருளற நேரத்தயாவது சேர்த்துக்கிட்டா சீக்கிரம் முடியுமே" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "உம்ம கணக்கு உமக்கு, எங்கணக்கு எனக்கு. ரெண்டு பேருக்கும் வானம் ஒண்ணுதான, பொறும்" என்றார். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் அவர் தலைக்கு மேலே போகும்போது கையாட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஒருத்தி, "ஏளா, இந்த மனுசனுக்கு வீட்டுல பொண்டாட்டி ஏச்சு தாங்க முடியலயோ என்னமோ, பொழுது விடியுமுன்ன மேல போயிருதாரு" என்றாள். அதை அவரிடம் சொன்னேன். இயந்திரம் அணைந்த பிறகும் அவர் சிரிப்பு அடங்கவில்லை.

மணி நிறைந்தது. இரண்டாவது விண்ணப்பம் போனது. கட்டங்களைப் பற்றிய என் கடிதத்துக்குப் பதில் வராவிட்டாலும், சித்திரை முடிய சில நாள் இருக்கையில் உரிமம் வந்துவிட்டது. கடலுக்கு மேலே பறப்பதற்கான அனுமதிகளுக்கும் உயிர்காப்பு அங்கிகளுக்கும் நான் எழுதிய கடிதங்களைப் பற்றி இங்கே எழுதினால் இது நினைவுக் குறிப்பாக இராது, தண்டனையாகிவிடும்.

அந்தக் காலையில் அண்ணன் வெளுத்த வேட்டியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, பூசைக்குப் போகிறவர் மாதிரி வந்தார். அங்கியைப் பூட்டியபோது, "ஏலே, கடலுக்கு மேல போகவே இதப் போடுதியே, உள்ள போறப்ப நான் என்ன போட்டேன்?" என்று கேட்டார். சீஃப் கச்சையை இழுத்து இறுக்கினார். கட்டையின் கயிற்றை நான்தான் இழுத்தேன். உருண்டு போனார்கள், எழும்பினார்கள், கிழக்கே ஒரு புள்ளியாகிக் காணாமல் போனார்கள். மேலே நடந்ததைச் சீஃப் பிற்பாடு எனக்குச் சொன்னார். இயந்திரச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. சீஃபுக்கு எப்படியும் கேட்காது. பாருக்கு மேலே வந்ததும் சீஃப் இறக்கையைச் சாய்த்து வட்டமிட்டார். அண்ணனுக்கு நடுவில் மட்டும்தான் பார்வை, ஒரு வட்டத்தில் ஒரு துண்டுதான் தெரிந்திருக்கும். வட்டம் முடிந்து நிமிரும்போது சீஃபின் சட்டைக் கை இரண்டு தடவை இழுபட்டது. முதலில் தற்செயல் என்று நினைத்தாராம். மறுபடியும் இரண்டு இழுப்பு. அப்போதுதான் புரிந்தது. போதாது, கயிறு விடு. சுற்றினார். இரண்டு இழுப்பு. மறுபடி சுற்றினார். "என் கைக்கு மறக்கலவே. மண்டைக்குத்தான் நேரமாச்சு" என்று சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, விமானத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். துண்டு துண்டாக முழுப் பாரையும் பார்த்து முடித்த பிறகு, ஒரே ஒரு இழுப்பு வந்தது. திரும்பிவிட்டார்.

இறங்கியதும் அண்ணன் சக்கரத்தின் பக்கத்தில் நின்று அங்கியைக் கழற்றினார். வழக்கின் தீர்ப்புக்காக நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். "வாய் இருக்குலே" என்றார். சீஃப் ஜெயித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. "ஆனா நான் கெடந்த காலத்துல இல்ல. லாடந்தான். அந்தக் கால்ரெண்டையும் பாத்தேன். நடுவுல சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கல்லு எடுத்திருக்கானுவ. வெட்டுன தடம் நேரா கெடக்கு." பிறகு தம்பியின் தோளில் கைவைத்து, "நல்லாத்தான் ஓட்டுத" என்றார். ஐம்பது வருடத்தில் அண்ணன் தன்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை என்று சீஃப் பல பேரிடம் சொன்னார். சொல்லும்போதெல்லாம் ஊருக்கே கேட்டது.

அடுத்த சித்திரைக்குள் அண்ணனின் பார்வை முழுவதும் போய்விட்டது. அதற்கு அடுத்த வருடம் சீஃப் ஒருநாள் காலையில் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. விமானத்தைக் கோயம்புத்தூரில் ஒருவர் வாங்கிக்கொண்டார், கொட்டகையையும் பிரித்துவிட்டார்கள். கட்டையைக் கொண்டுபோகச் சொல்லி சீஃபின் மனைவி எனக்குத் தகவல் அனுப்பினார். மனிதர்களை நான் அதிகம் புகழ்வதில்லை. பெரும்பாலும் அவர்கள் எழுதியதைச் சரிபார்க்கிற வேலையில் இருந்ததால் அந்த வாய்ப்பு குறைவு. சீஃப் எழுதியதில் நான் கண்ட ஒரே பிழை, விதி அவருக்குத் தருவதாகச் சொன்னதை அவர் எடுத்துக்கொள்ளாததுதான்.

உரிம அலுவலகத்தின் பதில் இந்த வருடம் வந்தது. கொட்டகையின் முகவரிக்குப் போய், உப்பளக்காரர் வீட்டுக்குப் போய், அவருடைய டிரைவர் கையில் ஒரு காலையில் என் வீட்டுக்கு வந்தது. இதை நான் தனியாக வைத்துப் படித்துவிட்டுக் கோப்பில் போடுவது முறையாகாது என்று தோன்றியது. ஆட்டோ பிடித்துத் திரேஸ்புரம் போனேன். மாதா கோயிலில் கொடியேற்றம் என்பதால் தெருவெல்லாம் ஆட்கள்; பாதி வழியில் இறங்கி நடந்தேன். அண்ணன் வாசலை ஒட்டி நாற்காலியில் இருந்தார். என் காலடியைக் கேட்டே, "சார்வாளா?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். தங்கள் கடிதத்தில் கோரப்பட்ட விளக்கத்தின் பொருட்டுத் தெரிவிப்பது யாதெனில், தரையில் உருண்ட நேரமும் பறப்பு நேரத்தில் அடங்கும். எனவே விண்ணப்பதாரர் தம் முதல் விண்ணப்பத்தின்போதே தேவையான மணிகளைப் பெற்றிருந்தார்.

அவர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். "அப்பம் அந்த மாசி, பங்குனி பூரா அவன் சும்மாவா பறந்தான்?"

"விதிப்படி, ஆமா."

அவர் சிரித்தார். "சும்மாப் பறக்கத்தான சார்வாள் அவன் அந்த விமானத்த வாங்குனான்."

கடிதத்தில் இன்னும் இருந்தது. இந்த விளக்கம் இனிவரும் விண்ணப்பங்களுக்குப் பொருந்தும், விண்ணப்பதாரர் விரும்பினால் பறப்பேட்டை மறுசரிபார்ப்புக்கு அனுப்பலாம், நகல்கள் யாருக்கெல்லாம் என்று நான் வாசித்துக்கொண்டே போனேன். தொடங்கியதை முடிக்காமல் விடுவது எனக்கு வராது. கோயில் பக்கமிருந்து வேட்டுச் சத்தம் கேட்டது. அப்போது என் சட்டைக் கை இழுபட்டது. அடுத்த இழுப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஒரே ஒரு இழுப்பு.

கடிதத்தை மடித்தேன். வீட்டுக்கு வந்தபோது சோழகக் காற்றில் அறைக் கதவு அடித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் கட்டையை எடுத்து முட்டுக் கொடுத்தேன். பிறகு மேசையில் உட்கார்ந்து, வந்த கடிதத்தின் வலது மூலையில் என் உத்தியோகப் பழக்கப்படி எழுதினேன்: பெறப்பட்டது, ஜூலை இருபத்தாறு.